நாச்சிமுத்து மறைந்தார்

எண்பத்தோராம் நாள், காலை பதினொரு மணி, சமுதாயக் கூடம். வந்திருந்தவர்கள்:

நீதிபதி எஸ்தர் புனிதவதி (ஓய்வு), விசாரணைக் குழுத் தலைவர்.
வழக்கறிஞர் நிலோபர் ஹமீது, பயனாளர் உரிமைக் கூட்டமைப்பின் சார்பில்.
வழக்கறிஞர் அஜய் ராமபத்ரன், வலைத்தள நிறுவனங்களின் சார்பில்.
குப்புராஜ், குடியிருப்போர் சங்கச் செயலாளர்.
சுகந்தா, பி பிளாக், 306.
திலகமணி, உதவி மேசை. குறிப்பெடுப்பவர்.
நாச்சிமுத்து, பி பிளாக், 307. இறந்தவர்.

கடைசி வரியை எழுதுவதற்கு முன் திலகமணி பேனாவை எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"மேடம், ஐயாவுக்கு என்னன்னு போடறதுங்க?"

"பதிவுல என்ன இருக்கு?" என்றார் நீதிபதி.

"மறைந்தார்னு இருக்குங்க."

"பதிவைத் தொடக் கூடாதுன்னு பதினஞ்சு நாளா நீங்கதானே சொல்லிட்டிருக்கீங்க. இருக்கறதையே போடுங்க."

நாச்சிமுத்து பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தமக்கு ஆட்சேபம் இல்லை என்பதுபோலத் தலையாட்டினார். அறுபத்திரண்டு வயது. பம்பு கம்பெனியில் மோட்டார் காயில் சுற்றி ஓய்வு பெற்றவர். மடியில் இருநூறு பக்க நோட்டு ஒன்று இருந்தது. அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தார்.

கோயம்புத்தூருக்கு வெளியே, மூன்று பிளாக், இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. அதில் நூறு நாளைக்கு ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. நாடு பத்து வருடமாக ஒரே கேள்வியில் அடித்துக்கொண்டிருந்தது: சமூக ஊடகம் பிறவியிலேயே விஷமா, அல்லது விஷமாகச் செய்யப்பட்டதா? கம்பெனிக்காரர்கள் மனிதன் மோசம் என்றார்கள். உரிமைக்காரர்கள் கம்பெனி மோசம் என்றார்கள். கடைசியில் அரசு, விஷம் வைக்கவே வழியில்லாத ஒன்றைச் செய்து, மனிதர்களிடம் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்றது. வீட்டு வாடகையைப் பாதியாகக் குறைத்தால் மனிதர்கள் எதற்கும் சம்மதிப்பார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பமும் பழைய போன்களை ஒப்படைத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொண்டன. அதில் ஒரே ஒரு செயலி இருந்தது. பெயர் பலகை.

"பதிவுக்காக இன்னொரு தடவை சொல்லிடுங்க," என்றார் நீதிபதி. "பலகையில என்ன இருக்கு?"

நிலோபர் எழுந்தார். "என்ன இல்லைன்னு சொல்றது சுலபம், மேடம். லைக் இல்லை. ஷேர் இல்லை. மணி அடிக்காது. யாரை எத்தனை பேர் படிச்சாங்கன்னு எண்ணிக்கை காட்டாது. எழுதினது எழுதின வரிசையில இருக்கும். இருபத்திநாலு மணி நேரத்துல அழிஞ்சிடும். எங்க ஆளுங்க மூணு வருஷம் உட்கார்ந்து, தீங்கு செய்யக்கூடிய ஒவ்வொண்ணையும் பிடுங்கிப் போட்டாங்க."

"பிடுங்கினப்புறம் என்ன மிஞ்சிச்சு?" என்று உட்கார்ந்தபடியே கேட்டார் அஜய்.

மிஞ்சியது திலகமணிக்குத் தெரியும். உதவி மேசையில் உட்கார்ந்து தினம் அதைப் படிப்பதுதான் அவளுக்கு வேலை. லிஃப்ட் நின்றுவிட்டது. ஏ பிளாக்கில் யாரோ செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நாளை கேஸ் சிலிண்டர் வரும். அறுபத்திரண்டு நாள் ஒரு சண்டை இல்லை, ஒரு வம்பு இல்லை. உரிமைக்காரர்கள் அறிக்கைக்கு அட்டைப்படமே தேர்ந்தெடுத்துவிட்டார்கள். தினம் காலை ஐந்தரைக்கு முதல் வரி மட்டும் மாறாமல் வரும்: "தொட்டியில் தண்ணீர் நாலே கால் அடி. எட்டு மணிக்குள் குளிப்பவர்களுக்குத் தாராளம். – நாச்சிமுத்து, 307." யாரும் கேட்டு அவர் எழுதவில்லை. மாடிக்கு ஏறி, தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்த்து எழுதினார். யாரும் பதில் எழுதியதும் இல்லை. படித்தார்களா என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அந்த வழியைத்தான் மூன்று வருடம் உட்கார்ந்து அடைத்திருந்தார்களே.

அறுபத்து மூன்றாம் நாள் அவர் தண்ணீர் எழுதவில்லை. போனை நோண்டி, அமைப்புகளுக்குள் போய், பலகையில் ஆள் தெரியாமல் ஒதுங்கிக்கொள்ள 'மறை' என்று ஒரு பொத்தான் இருப்பதைக் கண்டுபிடித்து அழுத்தினார். பலகை தானாக எழுதக்கூடிய வரிகள் மிகச் சில. அதில் ஒன்று எல்லார் திரையிலும் வந்தது.

நாச்சிமுத்து மறைந்தார்.

"இந்த வாக்கியத்தை யார் எழுதினது?" என்றார் நீதிபதி.

"மொழிபெயர்ப்பு இயந்திரம், மேடம்," என்றார் நிலோபர்.

"இல்லீங்க," என்றாள் திலகமணி. குறிப்பெடுப்பவர் பேசக்கூடாது என்பது அவளுக்கு நினைவு வந்தபோது பாதி சொல்லி முடித்திருந்தாள். "இயந்திரம் 'மறைந்தது'ன்னு போட்டிருந்துச்சுங்க. நாந்தான் மாத்தினேன்."

"ஏம்மா?"

"மனுசரப் போயி அது இதுன்னு சொல்றதான்னு... மரியாதையா இருக்கட்டும்னு 'ஆர்' போட்டேனுங்க. பொத்தான், தலைப்புன்னு செயலியில இருக்கற அறுநூத்துச் சொச்ச வரியும் ஒரே நாள்ல திருத்தச் சொன்னாங்க. 'மறைந்திருக்கிறார்'னு போட்டிருக்கோணும். அன்னிக்குத் தோணலீங்க."

அஜய் மெதுவாக எழுந்தார். "பாருங்க மேடம். இயந்திரம் சரியா இருந்தது. மனுஷர் உள்ள வந்தார், ஒருத்தர் செத்துப்போனார்."

"ஒரு வார்த்தையும் வடிவமைப்புதான், மேடம்," என்றார் நிலோபர்.

"உட்காருங்க ரெண்டு பேரும். குப்புராஜ், நீங்க சொல்லுங்க. அன்னிக்கு என்ன நடந்தது?"

குப்புராஜ் சங்கத்து ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். "என்ன நடக்கறதுங்க. சேதி பாத்தோம். அடக் கடவுளேன்னு ஆளாளுக்கு எழுதினோம். மறுநா சாயங்காலம் இதே கூடத்துல கூட்டம் போட்டு, சங்கத்து அடையாள அட்டையில இருந்த போட்டோவப் பெருசாக்கி, மாலை போட்டு, மைக்கு வெச்சு, ரெண்டு நிமிசம் மௌனமா நின்னோமுங்க. நூத்தம்பது பேரு இருக்கும்."

"அந்த நூத்தம்பது பேர்ல ஒருத்தர்கூட 307க்குப் போய்ப் பார்க்கலையா?"

"கதவு சாத்தியிருந்துச்சுங்க."

"தட்டிப் பார்த்தீங்களா?"

குப்புராஜ் நீதிபதியை ஏதோ விவரமில்லாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "செத்தவரு வீட்டுக் கதவ எதுக்குங்க மேடம் தட்டறது? யாரு வந்து தெறப்பாங்க?"

சுகந்தா தரையைப் பார்த்தாள். இறகுப்பந்துக்குப் போட்ட மஞ்சள் கோடுகள் அவள் காலடியில் ஓடின. பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை செய்பவள். 306க்கும் 307க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர்.

"சொந்த ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு யாரோ எழுதியிருந்தாங்க," என்றாள். "தாராபுரம் பக்கம்னு."

"யார் எழுதினது?"

"தெரியலைங்க. அழிஞ்சுபோச்சு."

நீதிபதி நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார். "நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"வீட்லதானுங்க. இந்த மைக்குச் சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. மௌனம்னு சொன்னாங்க. நானும் எந்திரிச்சு நின்னேனுங்க. உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

அஜய் சிரித்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

அறுபத்தாறாம் நாள்தான் உதவி மேசைக் கணினியில் திலகமணிக்கு விஷயம் தெரிந்தது. இறந்தவரின் போன் ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் பலகையைப் படித்துக்கொண்டிருந்தது. யாராவது திருடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறினாள். அந்தக் கதவை அந்த மூன்று நாளில் தட்டிய முதல் ஆள் அவள்தான். அதுவும் சம்பளத்துக்கு.

கதவைத் திறந்தவரின் கையில் பேனா இருந்தது.

"ஐயா, நீங்க... இறந்துட்டதா..."

"ஆமாங்க அம்மிணி, நானும் படிச்சேன். உள்ள வாங்க. வரக்காப்பிதான் இருக்குது, பாலு தீந்துபோச்சு."

மேசைமேல் இந்த நோட்டு விரிந்து கிடந்தது. ஒவ்வோர் இரங்கலும் அழிவதற்கு முன் அதை அட்சரம் பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தார். பெயர், வீட்டு எண், நேரம், எல்லாம். அதுவரை நூற்றுத் தொண்ணூற்று நான்கு. அவள் நின்றுகொண்டே சிலதைப் படித்தாள். 'தங்கமான மனிதர்' என்று எழுதியிருந்தவர், வண்டி நிறுத்தும் இடத்துக்காக அவரோடு மல்லுக்கு நின்றவர். சுகந்தா எழுதியது தனியாக ஒரு பக்கத்தில் இருந்தது: 'அண்ணா, தினமும் உங்கள் தண்ணீர்க் குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் குளிக்கவே போவோம். நாளை யாரைக் கேட்பது?' அதற்குக் கீழே ஏ பிளாக், சி பிளாக் என்று நாற்பது பேர் அதையே எழுதியிருந்தார்கள். நாங்களும் பார்ப்போம். நாங்களும்.

"படிச்சிருக்காங்க பாருங்க," என்றார் அவர். "எல்லாருமே படிச்சிருக்காங்க."

"கீழ போயி, இருக்கறேன்னு சொல்லிருங்கய்யா."

"இத்தன பேரு இப்படி எழுதினதுக்கப்புறமா? எந்த மூஞ்சிய வெச்சுட்டுங்க அம்மிணி போறது?"

அவள் ஆய்வு நெறிக் குழுவுக்கு எழுதினாள். மூன்று முனைவர்கள் கூடி அன்றே பதில் அனுப்பினார்கள்: பங்கேற்பாளர் ஒருவரை உயிர்ப்பிப்பது ஆய்வில் தலையிடுவதாகும். நூறாம் நாள் வரை இப்போதைய நிலையே தொடரட்டும். பங்கேற்பாளரின் மனநலம் கவனித்துக்கொள்ளப்பட வேண்டும். அவள் கவனித்துக்கொண்டாள். யாருக்கும் சந்தேகம் வராதபடி, தினம் காலையில் மோடம் என்று எழுதிய பையில் அரை லிட்டர் பால் கொண்டுபோனாள்.

எழுபத்து நான்காம் நாள் சி பிளாக்கில் யாழ்மொழி என்ற கல்லூரிப் பெண் அதே பொத்தானை அழுத்திப் பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் எழுபது இரங்கல். ஆறாவது நிமிடம் அவள் மட்டையோடு இறகுப்பந்து விளையாட இறங்கி வந்தாள். சேதியைக் கேட்டுவிட்டு எதிரே வந்த பால்காரர் கேனைக் கீழே போட்டார். அரை மணி நேரத்தில் மூன்று பிளாக்குக்கும் புரிந்துவிட்டது, மறைந்தார் என்றால் மறைந்தார் இல்லை என்று. அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒரே சமயத்தில் வந்தது. அன்று 307இன் கதவைத் தட்ட முப்பது பேர் இருந்தார்கள்.

அன்றிலிருந்து பலகை எரிந்தது. லைக் இல்லை, ஷேர் இல்லை, மணி இல்லை, இருந்தும் எரிந்தது. செத்ததாக நடித்து ஊரை ஏமாற்றியவன். எங்கள் கண்ணீரை உட்கார்ந்து ரசித்தவன். தங்கமான மனிதர் என்று எழுதியவர்தான் முதலில் 'ன்' போட்டார். சங்கம் தீர்மானம் போட்டது: ஏமாற்றுக்காரருக்கு இங்கே வீடு இல்லை, உடனே காலி செய்ய வேண்டும். முடிவு நீதிபதியின் கையில் இருந்தது. ஏமாற்றினார் என்றால் நாச்சிமுத்துவுக்கு வீடு போகும். சோதனையால் பாதிக்கப்பட்டார் என்றால் இருக்கும். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகன் மஸ்கட்டில். வேறு இடம் என்று அவருக்கு எதுவும் இல்லை.

"மேடம்," என்றார் அஜய். இப்போது அவர் குரலில் இரக்கம் வழிந்தது. "இவர் தினமும் எழுதினார். இருநூறு வீட்டுல படிச்சாங்க. ஒரு லைக் பொத்தான் இருந்திருந்தா இவருக்கு அது தெரிஞ்சிருக்கும். அதைப் பிடுங்கினது யாரு? நாங்க இல்லை."

"பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டக்கூட மறந்துபோன ஜனங்களை இருபது வருஷமா தயார் பண்ணினது யாரு?" என்றார் நிலோபர். "அதையும் சொல்லுங்க."

"தட்டாதேன்னு எங்க செயலி எதுவும் சொல்லலையே."

"தட்டணும்னு தோணாமப் பண்ணிச்சு."

"ரெண்டு பேரும் சொல்றது சரின்னே வெச்சுக்குவோம்," என்றார் நீதிபதி. "எனக்கு அந்த நோட்டு வேணும்."

நாச்சிமுத்து உடனே கொடுக்கவில்லை. திலகமணி எழுந்துபோய்க் கையை நீட்டியதும்தான் கொடுத்தார். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். பாதிக்கு மேல் வந்ததும் நின்றார்.

"இது இரங்கல் இல்லையே. 'வெட்கமாக இல்லையா உங்களுக்கு? என் பிள்ளைகள் அழுதார்கள். – சுகந்தா, 306.' எழுபத்தஞ்சாம் நாள். இதுக்கப்புறம் எல்லாமே திட்டுதான். கெட்ட வார்த்தைகூட இருக்கு. இதையெல்லாமா எழுதி வெச்சீங்க?"

"ஆமாங்க."

"வழக்குக்கு ஆதாரமா இருக்கட்டும்னா?"

"வழக்குன்னு எனக்கு என்னங்க தெரியும்." நாச்சிமுத்து கேள்வி புரியாதவர்போல நீதிபதியைப் பார்த்தார். "எல்லாம் எம்பேருக்கு வந்ததுங்க."

அஜய் எதையோ குறித்துக்கொண்டார். நிலோபரும் குறித்துக்கொண்டார். இரண்டு பேரும் தங்கள் கட்சி ஜெயித்துவிட்டதாக நினைப்பது எதிரில் உட்கார்ந்திருந்த திலகமணிக்கு நன்றாகத் தெரிந்தது.

நீதிபதி அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். தேநீர் வந்தது. உத்தரவு மூன்று பகுதியாக இருந்தது. நாச்சிமுத்து ஏமாற்றவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினார், அவ்வளவே. எனவே வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை, சங்கத்தின் தீர்மானம் செல்லாது. இரண்டாவது, மீதமுள்ள நாள்களுக்குப் பலகை தொடரும், அந்த வார்த்தை திருத்தப்பட வேண்டும். மூன்றாவது, எழுதியது ஒரே நாளில் அழிந்துவிடும் என்று குடியிருப்போருக்கு எழுத்தில் வாக்குறுதி தரப்பட்டிருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டிய கடமை குழுவுக்கு உண்டு. ஆகவே நோட்டு முத்திரையிட்டு வைக்கப்படும்.

"எனக்குத் திருப்பித் தர மாட்டீங்களாங்க?"

"அவங்க அந்தரங்கம் அதுல இருக்கு, நாச்சிமுத்து."

"எனக்கு எழுதினதுதானுங்களே மேடம்."

"உங்களுக்கு எழுதல," என்றார் நீதிபதி. கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். "இறந்துபோன ஒருத்தருக்கு எழுதினாங்க."

குப்புராஜ் ஃபைலை மூடினார். வீடு நிலைத்ததற்காக நாச்சிமுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் நோட்டு உறைக்குள் போவதையும், அரக்கு உருகுவதையும், திலகமணி உறைமேல் எண் எழுதுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்து, பொத்தானை மறுபடி அழுத்தினார். கூடத்தில் இருந்த எல்லாப் போன்களிலும் சத்தமில்லாமல் ஒரு வரி வந்தது.

நாச்சிமுத்து தோன்றினார்.

நீதிபதி திலகமணியைப் பார்த்தார். "இதுவும் நீங்கதானா?"

"ஆமாங்க. நானூத்திப் பதிமூணாவது வரி."

மாலை நாலு மணிக்கு அவரை வீட்டில் கொண்டுபோய் விடும்படி திலகமணியிடம் சொன்னார்கள், வழியில் யாரும் ஏதும் பேசிவிடக் கூடாது என்று. யாரும் பேசவில்லை. லிஃப்டில் நின்ற இருவர் அடுத்த நடைக்கு வருவதாகச் சைகை செய்து ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்றாவது மாடி நடையில் சுகந்தா நின்றுகொண்டிருந்தாள். கூடத்திலிருந்து முன்பே வந்து காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. மருத்துவமனைக்குப் போகவேண்டிய நேரம், இன்னும் உடை மாற்றவில்லை.

"அண்ணா," என்றாள். "நான் அன்னிக்கே வந்து தட்டியிருக்கணும். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துட்டு... அப்புறம் அப்படி எழுதினதும் தப்பு. மன்னிச்சிடுங்க."

நாச்சிமுத்து சாவியைத் துளையில் போட்டபடி கேட்டுக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. குழாய் சரிசெய்ய வந்தவர் சொல்வதைக் கேட்பதுபோல நின்றார்.

"சரிங்க அம்மிணி. அதப் பலகையில போட்டுருங்க. பாத்துக்கறேன்."

"நேர்லயே வந்து சொல்றேனே அண்ணா."

"நேர்ல சொன்னா எனக்கு மட்டுந்தானே தெரியும்."

சுகந்தா திலகமணியைப் பார்த்தாள். குறிப்பெடுக்க இங்கே நோட்டு இல்லாததால் திலகமணி கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நாச்சிமுத்து போன் திரையைச் சட்டையில் துடைத்தார், வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார், உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. கீழ்த்தாழ் விழுந்தது, பிறகு மேல்தாழ், பிறகு பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.